நிர்வாகத் தரப்பில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்வது என் தொழில். பவுண்டரி, பம்பு கம்பெனி, நூற்பாலை, ஆஸ்பத்திரி, சில ஐ.டி. நிறுவனங்கள் என்று பல வகையான இடங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்களும், புதிதாகத் தொழில் தொடங்கியவர்களும், ஹெச்.ஆர். வேலையில் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?

டைம் ஆபீஸ் வழியாக. சட்டம் படிப்பதற்கு முன் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். ஷிப்டு மாறும்போது வருகைப் பதிவு எடுப்பது, மஸ்டர் ரோல் எழுதுவது, விடுப்புக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. படிவங்கள் எல்லாம் எங்கள் மேசையில்தான் நடக்கும். சம்பளத்தில் அரை நாள் பிடித்தம் ஏன் என்று கேட்க வருகிற தொழிலாளி முதலில் வந்து நிற்பதும் அங்கேதான். அவர் கேட்பது நியாயமா என்று பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். பதிவேட்டில் ஒன்றும் சூபர்வைசர் சொல்வது இன்னொன்றுமாக இருக்கும் நாட்களும் உண்டு.

லேபர் கோர்ட்டில் ஆலை சார்பாகச் சாட்சி சொல்ல மேலாளரோடு ஆவணக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவேன். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் வாதத்திறமையில் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில்தான் முடிவு கிடக்கிறது என்று அங்கே புரிந்தது. அதன்பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, நிர்வாகத் தரப்புக்கு ஆஜராகும் ஒரு சீனியரிடம் ஜூனியர். இன்றும் புதிய கம்பெனி ஒன்று என்னிடம் வந்தால் எம்.டி. அறைக்குப் போவதற்கு முன் டைம் ஆபீஸைப் பார்க்க அனுமதி கேட்பேன்.

நிர்வாகத் தரப்பு என்றால் தொழிலாளிக்கு எதிரானவர்தானே?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியா தலைமையில் சென்னை தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். பெரம்பூர் பகுதியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. 1920-ல் தகராறு முற்றியபோது ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டினார்கள், நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது வழக்கு. சங்கம் வைத்து நடத்தியதற்கே தலைவர்கள் சொத்தை இழக்கலாம் என்ற நிலை. அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி செய்தது. அந்த வழக்கை நடத்தியவர்களும் என்னைப் போல நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்கள்தாம். தடை வாங்கினார்கள், ஆனால் ஆலையில் அமைதி வரவில்லை. 1921-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்பவர் கோர்ட்டில் வெல்லும் வழியை மட்டும் காட்டினால் பாதி வேலையைத்தான் செய்கிறார். நாளை அதே ஆட்கள் அதே கேட்டுக்குள் வந்து அதே மெஷினில் நிற்க வேண்டும். ஒருவரின் பிழைப்பில் கை வைக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்கச் சொல்வதும், கேட்டதை எழுதி வைக்கச் சொல்வதும், கட்சிக்காரர் கோபமாக இருக்கும்போது ‘இதைச் செய்யாதீர்கள்’ என்று சொல்வதும்தான் இந்த வேலையின் நடுப்பகுதி. அதைச் சொல்ல முடியாதவர் நிர்வாகத்துக்கும் நல்லது செய்யமாட்டார்.

உங்கள் நாள் முழுக்க கோர்ட்டில் போகுமா?

இல்லை. பெரும்பகுதி எழுத்து வேலை. நியமன ஆணை, நிலையாணைகள் (நிறுவனத்தின் பணி, ஒழுங்கு விதிகள்), குற்றச்சாட்டுக் குறிப்பாணை, சம்பள ஒப்பந்த வரைவு, பி.எஃப். பாக்கியைக் கணக்கிடும் 7ஏ விசாரணைக்குப் பதில், தொழிற்சாலை ஆய்வாளர் நோட்டீஸுக்குப் பதில். நடுவில் போன் வந்துகொண்டே இருக்கும். காலை முதல் ஷிப்டில் கைகலப்பு நடந்தால் ஏழு மணிக்கே ஹெச்.ஆர். மேலாளர் கூப்பிடுவார்.

முதலாளிகளிடம் நீங்கள் அதிகம் பார்க்கும் தவறு எது?

வாய்வார்த்தையில் ஆளை நிறுத்துவது. ‘நாளையிலிருந்து அவனை கேட்டுக்குள்ள விடாதேன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லிட்டேன் சார்’ என்பார்கள். என்ன செய்தார் என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் உண்மையானதாகவே இருக்கும். சொல்லாமல் லீவு, சூபர்வைசரிடம் வாக்குவாதம், பொருள் காணாமல் போனது. ஆனால் கையில் ஒரு காகிதம் இருக்காது.

அந்தத் தொழிலாளி அன்று மாலையே சங்கத்துக்குப் போவார், இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரிடம் போவார். மறுநாள் பதிவுத் தபாலில் ‘வேலைக்கு வந்த என்னைக் கேட்டில் தடுத்துவிட்டார்கள், வேலை தர வேண்டும்’ என்று கடிதம் வரும். அதற்கு உடனே பதில் போட்டு, ‘உங்களை யாரும் நீக்கவில்லை, வேலைக்கு வாருங்கள்’ என்று அழைத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிய வாய்ப்புண்டு. பல முதலாளிகள் கவரைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தபாலை வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வாங்க மறுத்தாலும் கடிதம் கையில் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவருக்குத் தொடர்ச்சியான பணிக்கான பாதுகாப்பு கிடைக்கிறது. இந்த 240-ல் சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் சேரும் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-ல் சொல்லிவிட்டது. ‘200 நாள்தான் சார் வந்திருக்கான்’ என்று நிம்மதியாக வருகிறவர்கள் இதைக் கேட்டதும் காலண்டரை எடுத்து எண்ணுவார்கள். அப்படிப்பட்டவரை ஆட்குறைப்பாக அனுப்ப வேண்டுமென்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம், இரண்டையும் அனுப்பும்போதே தர வேண்டும். 1947-ன் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப் பிரிவாக இருந்த இந்த விதி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் நீடிக்கிறது. பிறகு தருகிறேன் என்பது எடுபடாது.

வழக்கில் தோற்றால் மீண்டும் வேலை, அதோடு இடைப்பட்ட காலச் சம்பளம். தவறாக நீக்கப்பட்டவருக்கு முழுப் பின்ஊதியமே பொது விதி என்று 2013-ல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு வேலையில் இல்லை என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அவர் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில். சரி, மேல்முறையீடு போவோம் என்றால், தொழில் தகராறுகள் சட்டத்தில் 17பி பிரிவாக இருந்த விதி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் காலம் முழுக்கக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தரச் சொல்கிறது. வேலையே வாங்காமல் ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுத்த நிறுவனங்களை இந்த ஊரில் பலருக்குத் தெரியும்.

கையும் களவுமாகப் பிடித்தாலும் விசாரணை வேண்டுமா?

வேண்டும். ‘சிசிடிவியில் இருக்கே சார், இனி என்ன விசாரணை?’ என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். கேமரா பார்த்தது ஒரு கோணம். அந்தப் பொருளை எடுத்துப் போகச் சொன்னது சூபர்வைசராகவே இருக்கலாம், அவரிடம் கேட்டுத்தான் எடுத்திருக்கலாம். கேட்காமல் எப்படித் தெரியும்?

உள்விசாரணை என்பது சட்டம் வைத்த சடங்கு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முறையாக நடத்திய விசாரணையில், குற்றம் செய்தார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த ஆள் குற்றமற்றவர் என்று தெரிய வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது நிர்வாகம் ஒரு நல்ல தொழிலாளியைக் காப்பாற்றிக்கொள்கிறது, உண்மையில் தவறு செய்த சூபர்வைசரையும் அடையாளம் காண்கிறது.

முறை என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எந்த நிலையாணையின்படி அது ஒழுங்கீனம் என்று தெளிவாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும். ‘நீ தொடர்ந்து ஒழுங்கீனமாக நடக்கிறாய்’ என்ற ஒற்றை வரி போதாது. விளக்கம் தர அவகாசம் கொடுக்க வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால் சம்பவத்தோடு தொடர்பில்லாத ஒருவரை விசாரணை அலுவலராகப் போட வேண்டும். புகார் கொடுத்த மேலாளரே விசாரணை நடத்துவது கூடாது. நிர்வாகச் சாட்சிகளைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்யலாம், உதவிக்குச் சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம், தன் சாட்சிகளை அழைக்கலாம். அறிக்கையின் நகலை அவருக்குக் கொடுத்து, அதன்மீதும் தண்டனையின்மீதும் அவர் பதிலைக் கேட்ட பிறகே இறுதி உத்தரவு. பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால் அதையும் அந்த நோட்டீஸில் எழுத வேண்டும்.

மொழி விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பேன். தமிழ் மட்டுமே தெரிந்த ஹெல்பருக்கு ஆங்கிலத்தில் மெமோ கொடுத்துவிட்டு ‘விளக்கம் தரவில்லை’ என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது கோவை, திருப்பூர் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தியிலோ அவர்கள் மொழியிலோ குறிப்பாணை போக வேண்டும், விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும். செலவாகிறது என்று முணுமுணுப்பார்கள். தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே புரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்கி நடத்துவதற்கு விசாரணை என்று பெயர் வைக்க முடியாது.

விசாரணைக் காலத்தில் சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் தர வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-ல் ஒரு சட்டம் வந்தது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்து 180 நாள் வரை 75, அதற்கு மேல் முழுச் சம்பளம். இழுத்தடிக்கும் நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் விசாரணை வேகம் பிடிக்கும். தொழில் உறவுகள் தொகுப்பும் சஸ்பெண்ட் செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சாதாரணமாக விசாரணையை முடிக்கச் சொல்கிறது.

விசாரணையில் குறை இருந்தால் எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. ஃபயர்ஸ்டோன் வழக்கில் 1973-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, உள்விசாரணை செல்லாது என்று ஆனாலும் நிர்வாகம் நீதிமன்றத்திலேயே சாட்சியம் வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். அதே தீர்ப்பு பேசியது தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-ல் சேர்ந்த 11ஏ பிரிவைப் பற்றி. குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று பட்டால் நீதிமன்றம் குறைக்கலாம். இருபது ஆண்டு கறையில்லாமல் வேலை செய்தவரை ஒரு வாக்குவாதத்துக்காக டிஸ்மிஸ் செய்துவிட்டு வருபவரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரேக் கொடுத்து எடுத்தால் பர்மனென்ட் ஆகமாட்டார்களாமே?

யாரோ சொல்லிக் கொடுத்த தந்திரம் இது. மாவட்டம் மாவட்டமாகப் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-ன் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. அதற்கு உட்பட்ட நிறுவனத்தில் 24 மாத காலத்தில் 480 நாள் பணி செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. வேறு பல மாநிலங்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வரும் ஹெச்.ஆர். மேலாளர்களுக்கு இது புதிதாக இருக்கும், அவர்கள் தலைமை அலுவலகத்துக்கு விளக்கவே எனக்கு ஒரு கடிதம் தேவைப்படும். நிரந்தர உரிமை கிடைக்கக் கூடாது என்பதற்காகவே தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் உறவுகள் தொகுப்பின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. செயற்கையான பிரேக் நீதிமன்றத்தின் முன் நிற்காது.

உண்மையாகவே குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் இப்போது நேர்மையான வழி உண்டு: குறித்தகால நியமனம். நிரந்தரத் தொழிலாளிக்குரிய சம்பளமும் சலுகைகளும், ஓராண்டு முடித்தாலே பணிக்கொடையும் கொடுத்து, காலம் முடிந்ததும் விடை கொடுக்கலாம். காசு மிச்சம் பிடிக்க வருபவர்களுக்கு இது பிடிக்காது. உற்பத்தி ஆர்டர் கணக்கோடு வருபவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டதா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. எங்கள் மேசையில் இப்போது பழைய புத்தகமும் புதிய புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பழைய சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகள் இன்னும் நடக்கின்றன, பழைய தீர்ப்புகள் இல்லாமல் புதிய பிரிவுகளைப் படிக்கவும் முடியாது.

சிறு, நடுத்தர நிறுவனங்களை உடனே தொடுகிறவை சில. அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டும் தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியமாகவே கணக்காகும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, மீதியை ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று எழுதும் பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி, பணிக்கொடைக் கணக்கு ஏறும். பி.எஃப். விஷயத்தில் இந்த எச்சரிக்கையை விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கின் தீர்ப்பு 2019-லேயே கொடுத்துவிட்டது. அடுத்தது, ஒருவர் ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். ‘அடுத்த மாசம் பத்தாம் தேதி வாப்பா’ என்பது இனி விதிமீறல். நியமன ஆணை எல்லோருக்கும் கட்டாயம்.

ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. இது நிர்வாகங்களுக்குச் சாதகம் என்பதால் நான் கொண்டாடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். 150 பேர் வேலை செய்யும் ஆலையில் அனுமதி தேவையில்லை என்பதால் பேச்சுவார்த்தையும் தேவையில்லை என்று ஆகிவிடாது. நோட்டீஸும் இழப்பீடும் தருவது, கடைசியாக வந்தவரை முதலில் அனுப்புவது என்ற விதிகள் அப்படியே இருக்கின்றன. சட்டம் கதவைத் திறந்துவிட்டாலும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியும், எதிர்ப்பு கிளம்பி, மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்ததை மறந்துவிடக் கூடாது.

கம்பெனிக்குள் யூனியன் வந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில், பழிவாங்க வேண்டாம். சங்கம் ஆரம்பித்த நான்கு பேரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி ஆணை எழுதித் தரும்படி என்னிடம் வருவார்கள். எழுதித் தரமாட்டேன். சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தந்த உரிமை. அதற்காக மாற்றல் போடுவது சட்டவிரோதம் என்பது ஒருபக்கம், நான்கு பேரின் சங்கம் மறுநாளே நாற்பது பேரின் சங்கமாகிவிடும் என்பது நடைமுறை.

2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அதில் மையமான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கப் பதிவு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சம்பளத்தைவிட ‘எங்களோடு பேசுங்கள்’ என்பதுதான் பல இடங்களில் முதல் கோரிக்கை என்று என் கட்சிக்காரர்களுக்கு இந்த உதாரணத்தைச் சொல்கிறேன்.

1950-களில் மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்த வி.வி. கிரி, தகராறுகளைத் தீர்ப்பாயத்துக்குத் தள்ளுவதைவிட இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிப்பதே மேல் என்று விடாமல் வாதாடினார். வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு மாற்றியதைக் கண்டித்து 1954-ல் பதவியையே விட்டார். தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் அவர். நிர்வாகத் தரப்பில் இருக்கும் நானும் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் பேசி முடிக்கும் நல்ல ‘12(3) ஒப்பந்தம்’ ஒன்று மூன்று, நான்கு ஆண்டு அமைதி தரும். எந்தத் தீர்ப்பும் அதைத் தந்ததாக நான் பார்த்ததில்லை.

சமரசப் பேச்சுக்கு நீங்களும் வருவீர்களா?

வரமுடியாது. சமரச அலுவலர் முன் வழக்கறிஞர் ஆஜராவதைச் சட்டமே தடுத்திருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் வரலாம் என்பது விதி. நடைமுறையில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் இருப்பதால் யாரும் மறுப்பதில்லை. சமரசத்தில் இந்தத் தடை இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் உள்ளே போனால் பேச்சு சட்ட நுணுக்கத்துக்குத் திரும்பிவிடும். என் வேலை முந்தைய நாளே முடிந்துவிடும்: எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது, எந்த ஆவணத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று மேலாளரோடு உட்கார்ந்து பேசுவது.

ஐ.டி. கம்பெனிக்கு இதெல்லாம் பொருந்தாது என்கிறார்களே?

பதவிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒருவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கேள்வி. ‘சீனியர் அசோசியேட்’ என்று கார்டில் இருந்தாலும், கீழே யாரையும் நிர்வகிக்காமல் தொழில்நுட்ப வேலை செய்பவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரலாம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஒரே நாளில் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கி அனுப்பும் பழக்கம் உள்ள நிறுவனங்கள் இதைப் படித்தால் நல்லது. வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா பணிநீக்கமாகவே பார்க்கப்படும்.

இத்தனை காலம் வேலையில் இருப்பேன், இடையில் விட்டால் பணம் கட்டுவேன் என்று பாண்டு எழுதி வாங்கலாமா? போட்டி நிறுவனத்துக்குப் போகக் கூடாது என்று தடுக்கலாமா?

பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்திருந்தால், நியாயமான காலத்துக்கு, நியாயமான தொகைக்குப் பாண்டு செல்லும். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் 2 லட்சம் ரூபாய் பாண்டை ஏற்றது. ஒரு நாள் இண்டக்ஷன் வகுப்பு எடுத்துவிட்டு மூன்று லட்சம் கேட்பது வேறு. வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின் முன் செல்லாது. ரகசியத்தைக் காப்பாற்றும் நிபந்தனை செல்லும். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால்?

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். புகார் வந்தபிறகு அவசரமாக அமைக்கும் குழுவின்மேல் யாருக்கும் நம்பிக்கை வராது. மூத்த பெண் ஊழியர் தலைமை, உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 90 நாளுக்குள் விசாரணை. அங்கேயும் வழக்கறிஞரைக் கூட்டி வர முடியாது. என்னிடம் சில முதலாளிகள் ‘ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சுடலாமா?’ என்று கேட்பார்கள். புகார் கொடுத்த பெண் தானே கேட்டால் மட்டும்தான் சமரசம் பற்றிப் பேச்சே எடுக்கலாம், அதிலும் பணம் கைமாறக் கூடாது. அதை மீறி அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்யும் நிறுவனத்துக்கு நான் ஆலோசகராக இருக்கமாட்டேன்.

தொழிலாளர் தரப்பு வழக்குகளை எடுப்பீர்களா?

என் கட்சிக்கார நிறுவனங்களுக்கு எதிராக எடுக்க முடியாது. அவர்களின் ரகசியங்கள் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, நல்ல தொழிலாளர் தரப்பு வழக்கறிஞரிடம் அனுப்பி வைப்பேன். எதிர்த்தரப்பில் திறமையான வழக்கறிஞர் இருந்தால் எனக்கும் நல்லது, வழக்கு சீக்கிரம் பேசி முடியும். சென்னையில் தொழிலாளர்களுக்காக வாதாடி, பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு போன்றவர்களின் பணியை நிர்வாகத் தரப்பு ஜூனியர்களும் படிக்க வேண்டும் என்று சொல்வேன்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு சட்டப் படிப்பு, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பல வீடுகளுக்குப் பெரிய நிம்மதி. சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் வார இறுதியில் நடத்தும் தொழிலாளர் சட்டப் பட்டயம் பயனுள்ளது, ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்களும் அதில் சேருகிறார்கள்.

ஆனால் படிப்பைவிட ஜூனியராக இருக்கும் ஆண்டுகள்தான் ஆளை உருவாக்கும். சீனியருக்குக் கட்டுத் தூக்குவதோடு நிற்காமல், ஆலைக்குள் போங்கள். ரிங் பிரேம் எது, கார்டிங் எது, மோல்டிங் எங்கே நடக்கிறது என்று தெரியாதவர் ‘வேலை மந்தம்’ (வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தது) வழக்கில் என்ன குறுக்கு விசாரணை செய்வார்? தமிழில் நன்றாக எழுதப் பழகுங்கள். நீங்கள் எழுதும் மெமோவை ஒரு தொழிலாளி தன் வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டப் போகிறார். அவருக்குப் புரிய வேண்டும், அவரை அவமானப்படுத்தவும் கூடாது.

கம்பெனியிலேயே சட்ட அலுவலராகச் சேரலாமா?

சேரலாம். முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்போது வழக்கறிஞராகத் தொழில் நடத்த பார் கவுன்சில் விதி 49 அனுமதிக்காது. பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். நிலையான வருமானம் தேவைப்படும் குடும்பச் சூழலில் இது நல்ல வழி, யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். வெளியே இருப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் சுதந்திரம் கொஞ்சம் கூடுதல்.

உங்கள் பெயரும் போன் நம்பரும் ஏன் போடவில்லை?

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் வழக்குக் கேட்டுப் போவதையும் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் ஆள் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்தது. இது தகவலுக்காக எழுதியது. உங்கள் ஊர் லேபர் கோர்ட் வளாகத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் யாரிடம் போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என்னிடம் எட்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். எனக்கு எதில் தொடங்குவது?

எட்டு பேருக்கும் தமிழில் நியமன ஆணை கொடுங்கள். சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், வார விடுமுறை அதில் இருக்கட்டும். சம்பளத்தை வங்கி வழியாகப் போடுங்கள், சீட்டு கொடுங்கள். உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அகவிலைப்படி ஆண்டுதோறும் மாறும். பத்தாவது ஆள் சேரும் நாளில் இ.எஸ்.ஐ., இருபதாவது ஆளுக்கு பி.எஃப். என்று காலண்டரில் குறித்து வையுங்கள். கடை வைத்திருந்தால் ஊழியர்கள் உட்கார இருக்கை போடுங்கள், தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டம். யாரையாவது அனுப்ப வேண்டிய நிலை வந்தால், அவரிடம் சொல்வதற்கு முந்தைய நாள் வழக்கறிஞரிடம் வாருங்கள்.